இடைவெளியில் எரிந்த விளக்கு

வடதுருவ ஒளிக்கு நேர் கீழே வீடு பிடித்துக் குடியிருக்கும் ஒருத்தி, இரண்டு வருஷமாக அதைக் கண்ணால் பார்க்கவே இல்லை என்று சொன்னால் யாராவது நம்புவார்களா? செண்பகவல்லியின் அக்கா உலகம்மை நம்பவில்லை.

"ஏட்டி, ஊர்ல உள்ளவன்லாம் சொத்தை வித்து அந்தப் பக்கம் போய்ப் பாத்துட்டு வாரான். நீ அங்கனயே கெடக்க. ஒரு போட்டோ எடுத்து அனுப்பத் துப்பில்ல உனக்கு" என்று கோவில்பட்டியிலிருந்து ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கேட்பாள்.

செண்பா என்ன செய்வாள், பாவம். அவள் வந்து சேர்ந்த ஊர் அப்படி. ஹட்சன் வளைகுடாவில் பனி உருகி, வருஷம் முழுக்கக் கப்பல் போகலாம் என்று ஆனதும், கரையோரமாக அவசர அவசரமாக எழுப்பிய துறைமுக நகரம் அது. செயின்ட் ஆல்வா என்று பெயர் வைத்தார்கள். குளிர்காலத்தில் பிற்பகல் நாலு மணிக்கே சூரியன் போய்விடும். ஆனால் இருட்டு மட்டும் வராது. துறைமுகத்தில் கப்பலுக்குக் கப்பல் வெள்ளை வெளிச்சம். தக்காளி வளர்க்கும் கண்ணாடிக் கோபுரங்களில் ரோஸ் வெளிச்சம். அத்தனையும் தரையிலிருக்கும் பனியில் பட்டுத் திரும்ப மேலே போகும். தண்ணீர் விட்ட ரோஸ்மில்க் மாதிரி ஒரு வானம், மாலையிலிருந்து விடியும்வரை. அதற்கு மேலே பச்சை ஒளி ஆடினால் என்ன, ஐராவதமே வந்து ஆடினால் என்ன, கீழே இருப்பவர்களுக்கு ஒன்றும் தெரியாது.

வானம் தெரியாததைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். செண்பாவுக்குப் பெரிய குறை வேறே. அந்த ஊரில் தமிழ் பேச ஒரு ஆள் கிடையாது. வேலைக்குச் சேர்ந்தபோது ஒரு மதுரைக் குடும்பம் இருந்தது. அவர்களும் குளிர் தாங்காமல் முதல் மாசமே கிளம்பிவிட்டார்கள். போனில் அக்கா இருக்கிறாளே என்பீர்கள். போனில் பேசுவது ஒரு பேச்சா? எதிரே ஒரு மனுஷி உட்கார்ந்திருக்க வேண்டும், நாம் வாய் திறந்து ஒன்றைச் சொல்ல, அவள் முகம் மாற வேண்டும், "ஐயோ அப்புறம்?" என்று அவள் கேட்க வேண்டும். அது இல்லாமல் இரண்டு வருஷம். குக்கரிடமும் குளியலறைக் கண்ணாடியிடமும் பேசுகிற அளவுக்கு வந்துவிட்டாள். குக்கராவது விசில் அடித்துப் பதில் சொல்லும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்காவுக்குத் தன் வேலையை விளக்கிக்கொண்டிருந்தாள். அங்கேதான் இந்தக் கதை ஆரம்பிக்கிறது.

"யக்கா, இந்த ஊர்ல லைட்டெல்லாம் எரிஞ்சுக்கிட்டே இருக்குன்னு நெனைக்கியா? பாதி நேரம் அணைஞ்சுதான் கெடக்கு."

"என்னட்டி உளறுத?"

"இங்க வண்டி ஓட்ட ஆளே கிடையாது. எல்லாம் தானா ஓடுத வண்டி. அதுக்குக் கண்ணு கேமரா. ஊர் வெளிச்சத்துல அதுக்குக் கண்ணு கூசும். அதனால ஊர்ல உள்ள அத்தனை லைட்டும் ஒரே தாளத்துல அணைஞ்சு அணைஞ்சு எரியணும்னு சட்டம். தெரு லைட்டு, வீட்டு லைட்டு, போன் திரை எல்லாந்தான். செகண்டுக்கு இருநூறு தடவை. நம்ம கண்ணுக்குத் தெரியாது. அணைஞ்சிருக்க இடைவெளில வண்டி தன்னோட கதிரை விட்டு வழி பாத்துக்கிடும்."

"அதுல நீ என்ன பண்ணுத?"

"தாளம் தப்பாமப் பாத்துக்கிடுதேன்."

"அப்ப எஞ்சினியர்னு சொல்லாத. தவில்காரின்னு சொல்லு" என்று உலகம்மை சிரித்தாள்.

செண்பாவும் சிரிக்க வாயைத் திறந்தாள். சிரிப்பு வரவில்லை. பாதி நேரம் அணைஞ்சுதான் கிடக்கு என்று தானே சொன்னது தன் காதிலேயே இப்போதுதான் விழுந்தது. அணைந்து கிடக்கிற பாதியை மட்டும் ஒரு கேமரா பார்த்தால்? "யக்கா, வைக்கேன், அப்புறம் பேசுதேன்" என்று போனை வைத்தாள்.

அவளிடம் ஒரு டேபிள் ஃபேன் இருந்தது. குளிரில் உறைகிற ஊருக்கு ஃபேன் எதற்கு என்று விமான நிலையத்தில் சிரித்தார்கள். காற்றுக்கா கொண்டுவந்தாள்? அந்தச் சத்தம் இல்லாமல் அவளுக்குத் தூக்கம் வராது. அந்த ஃபேனின் இறக்கையைக் கழற்றிவிட்டு, கறுப்பு அட்டையில் வட்டம் வெட்டி மாட்டினாள். வட்டத்தின் ஓரத்தில் சன்னமாகப் பத்துப் பிளவு. ஃபேன் சுற்றும்போது ஒவ்வொரு பிளவும் ஊர் அணைந்திருக்கிற இடைவெளியில் சரியாகக் கேமராவின் முன்னால் வர வேண்டும். ஊர் எரிகிற நேரத்தில் அட்டை மறைத்துவிட வேண்டும். தாளம் அவள் கையில் இருக்கிற சங்கதிதானே, ரெகுலேட்டரைத் திருகித் திருகிப் பிடித்துவிடலாம் என்று நினைத்தாள். முதல் நாள் அட்டை பறந்து போய்ச் சுவரில் அடித்தது. மறுநாள் ரோஸ் வெளிச்சம் பட்டை பட்டையாக விழுந்தது. அப்படியே ஒரு வாரம் போயிற்று.

கடைசியில் ஒரு சாயங்காலம், ரெகுலேட்டரை மயிரிழை திருகிவிட்டுப் பிளவு வழியாகச் சும்மா ஒற்றைக் கண்ணை வைத்துப் பார்த்தாள்.

ஊர் இல்லை.

துறைமுகம் இல்லை, தெரு இல்லை, தக்காளிக் கோபுரம் இல்லை. கட்டடங்கள் கறுப்பாக, யாரும் குடிவராத மலை மாதிரி நின்றன. அவற்றுக்கு மேலே கொஞ்ச நேரத்தில் வானம் முழுக்கப் பச்சை. ஓரத்தில் கொஞ்சம் செந்நிறம். அது நகர்ந்தது, மடிந்தது, திடீரென்று அவள் தலைக்கு மேலேயே வந்து விரிந்தது. "அடி ஆத்தா" என்று அவள் வாய்விட்டுச் சொன்னாள். கேட்க ஆள் இல்லை என்பது அந்த நேரத்திலும் உறைத்தது. கேமராவை வைத்துப் படம் எடுத்தாள்.

படத்தைப் பெரிதாக்கிப் பார்க்கும்போதுதான் அதைக் கண்டாள். எதிர்வரிசையில் ஒன்பதாம் கோபுரம். அத்தனை கறுப்புக்கு நடுவே, ஒரு ஜன்னலில் மட்டும் பொன் நிறத்தில் ஒரு சின்ன வரிசை. அஞ்சாறு சுடர், ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றாக.

மின்விளக்காக இருந்தால் இந்த இடைவெளியில் தெரியாது. தாளத்துக்குக் கட்டுப்படாத வெளிச்சம் ஒன்றே ஒன்றுதான் இருக்க முடியும். நெருப்பு. நிஜ நெருப்பு. கார்த்திகை மாசம் நடக்கிறது. தீபத்துக்கு இன்னும் நாள் இருக்கிறதுதான். ஆனால் மாசம் முழுக்க விளக்கு வைக்கிற வீடு உண்டே, அவள் அம்மாவே வைப்பாளே! வரிசையாக அகல் விளக்கை ஜன்னலில் வைக்க இந்த ஊரில் வேறு யாருக்குத் தோன்றும்?

செண்பா அழுதுவிட்டாள். வானத்தைப் பார்த்து வராத அழுகை அந்த ஜன்னலைப் பார்த்து வந்தது. எழுநூறு அடி தள்ளி ஒரு தமிழ்க் குடும்பம் இருந்திருக்கிறது, நான் இங்கே குக்கரோடு பேசிக்கொண்டிருந்திருக்கிறேன் என்று தலையில் அடித்துக்கொண்டாள். அந்தச் சந்தோஷத்தில் ஒரு காரியம் செய்தாள் பாருங்கள். ஊர்ப் பொதுப்பக்கத்தில் படத்தைப் போட்டு, கீழே தமிழில் எழுதினாள்: "ஒன்பதாம் கோபுரத்தில் விளக்கு ஏற்றியிருப்பவர்களே, வணக்கம். நான் பதினாலாம் கோபுரம், ஏழாம் மாடி. பொரி உருண்டையோடு வருகிறேன்."

நுணலும் தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள். அந்தப் பொதுப்பக்கம் எந்த மொழியில் எழுதினாலும் எல்லா மொழியிலும் காட்டும். விளக்குத் துறையில் வேலை பார்க்கிற அவளுக்கே அது நினைவு வரவில்லை. இடைவெளியில் எரிகிற வெளிச்சம் சட்டப்படி குற்றம் என்பதும் நினைவு வரவில்லை. ஆளைக் கண்ட சந்தோஷம் அறிவை எங்கே நிற்க விடும்?

மறுநாள் ஊரே அந்தப் படத்தைப் பற்றித்தான் பேசியது. செயின்ட் ஆல்வாவுக்கு மேலே இப்படி ஒரு வானம் இருக்கிறதா என்று ஜனங்கள் வாயைப் பிளந்தார்கள். நகரசபை படத்தைத் துறைமுகத்துப் பெரிய திரையில் போட்டது. உணவுக்கூடத்தில் பெயர்கூடத் தெரியாதவர்கள் வந்து கை கொடுத்தார்கள். கோவில்பட்டியில் உலகம்மை அதைப் பெரிதாக அச்சடித்துத் தன் மருந்துக்கடையில் கல்லாவுக்கு மேலே மாட்டினாள். "எந் தங்கச்சி எடுத்தது" என்று மாத்திரை வாங்க வந்தவர்களையெல்லாம் நிறுத்திக் காட்டினாளாம்.

அதற்கும் மறுநாள் மேலதிகாரி ஹால்வர்சன் கூப்பிட்டார். நல்ல மனுஷர்தான். உட்காரச் சொல்லிக் காப்பி கொடுத்தார்.

"அருமையான படம், செண்பா. என் மனைவி பார்த்துவிட்டு அழுதாள்" என்றார். பிறகு படத்தைத் திரையில் போட்டு ஒன்பதாம் கோபுரத்தில் விரலை வைத்தார். "இது என்ன?"

அப்போதுதான் அவளுக்குச் சட்டம் நினைவு வந்தது.

"போன வாரம் பனி அள்ளும் வண்டி இரண்டு தடவை அந்தக் கோபுரத்து வாசலில் அப்படியே நின்றுவிட்டது. ஏன் என்று யாருக்கும் தெரியவில்லை. இப்போது தெரிகிறது. இடைவெளியில் வெளிச்சம். அடுத்த தடவை வண்டி நிற்காமல் யார் மேலாவது ஏறினால்?"

"அது சின்ன விளக்கு சார்."

"சின்னதோ பெரிதோ. குடியிருப்பு உரிமம் ரத்து. அடுத்த கப்பலில் ஊரை விட்டுப் போக வேண்டும். சட்டம் நான் எழுதியதில்லை" என்றார். "நீ போட்ட படம் மங்கல். அதில் மாடி தெரியவில்லை. மூலப்படம் உன்னிடம்தான் இருக்கிறது. இடைவெளி வெளிச்சத்தைக் கண்டுபிடிப்பது உன் வேலையும்கூட. எந்த வீடு என்று வெள்ளிக்கிழமைக்குள் சொல்லிவிடு."

வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதை. ஆனால் செண்பா அன்றைக்குப் பெரிதாகக் கலங்கவில்லை. நம்ம ஜனம், விட்டுக்கொடுப்பேனா என்று ஒரு வீறாப்பு. படத்தில் ஏதோ கோளாறு, கண்ணாடியில் பட்ட கீறல் என்று சாதித்துவிடலாம். அதற்குள் போய் எச்சரிக்கை செய்ய வேண்டும். அப்படியே பார்த்துப் பேசவும் செய்யலாம். காலை உணவுக்கு விற்கிற அரிசிப்பொரி டப்பாவை வாங்கி, கிடைத்த பழுப்புச் சர்க்கரையில் பாகு காய்ச்சி, உருண்டை பிடித்தாள். பாகு முற்றிப்போய்க் கல்லாக இறுகியது. பரவாயில்லை, நம்ம ஆள்தானே, தின்னுவார்கள். இருந்த ஒரே பட்டுச் சேலையைக் கட்டி, அதற்கு மேலே பனிக்கோட்டையும் மாட்டிக்கொண்டு கிளம்பினாள்.

மூலப்படத்தில் எண்ணி வைத்திருந்த முப்பத்தோராம் மாடி, மூலை வீடு. மணி அடித்தாள். என்ன பேசுவது என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்திருந்தாள். கதவு திறந்ததும் எல்லாம் மறந்துபோய், "வணக்கங்க, நான்தான் எதுத்தாப்புல..." என்று மூச்சுவாங்கத் தமிழில் ஆரம்பித்தாள்.

வாசலில் நின்றவளுக்கு இவள் வயசுதான் இருக்கும். துறைமுகத்தில் பாரந்தூக்கி ஓட்டுகிறவர்களின் ஆரஞ்சுச் சட்டை. அகன்ற கன்னம், சின்ன உதடு, இரண்டு பின்னல். அந்தக் கரையிலேயே தலைமுறை தலைமுறையாக இருக்கிற இனுவிட் ஜனம்.

"என்ன விற்கிறாய்?" என்று அவள் ஆங்கிலத்தில் கேட்டாள்.

செண்பா அவள் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தாள். ஜன்னல் ஓரத்தில் விளக்கு இருந்தது. அகல் இல்லை. பாதி நிலா வடிவத்தில் ஒரு கனமான கல் தட்டு. அதன் நேர் விளிம்பில் திரியை நீளமாகப் பரப்பி, சுடர் வரிசையாக எரிந்தது. மீன் எண்ணெய் மாதிரி வாடை. கூரையிலிருந்த நெருப்பு உணரிக்கு ஒரு கம்பளித் தொப்பியை மாட்டி வைத்திருந்தார்கள்.

செண்பாவுக்குக் கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. ஏமாற்றம்தான், வேறென்ன? திருவிழாவுக்குப் போய் வேறு ஊரில் இறங்கிவிட்ட பிள்ளை மாதிரி பொரி உருண்டைத் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ஏன் அழுகிறாய்?"

"நான்... விளக்குத் துறையில் வேலை. அந்தப் போட்டோ எடுத்தவள்."

அவள் முகம் இறுகியது. "ஓ. நீதானா. என் ஜன்னலை ஊருக்கே பெரிய திரையில் காட்டினவள். பாரந்தூக்கியில் உட்கார்ந்து பார்த்தேன். யாராவது வருவார்கள் என்று காத்துக்கொண்டுதான் இருந்தேன். தின்பண்டத்தோடு வருவார்கள் என்று நினைக்கவில்லை."

"நான் வேறு விளக்கு என்று நினைத்தேன். எங்கள் ஊரில் இந்த மாசம்..." என்று ஆரம்பித்துச் செண்பா நிறுத்திக்கொண்டாள். "எதற்காக ஏற்றுகிறீர்கள்? சட்டம் தெரியாதா?"

"தெரியும்." அவள் விளக்கைத் திரும்பிப் பார்த்தாள். "இதற்குக் குல்லிக் என்று பெயர். எங்கள் வீடுகள் இருந்த இடத்தில்தான் இந்தக் கோபுரத்துக்கு அஸ்திவாரம் தோண்டினார்கள். பதிலுக்கு ஆளுக்கொரு அறை கொடுத்தார்கள். இங்கே சுவிட்சு நான் போட்டாலும் தாளம் உங்களுடையது. ஒரே ஒரு வெளிச்சமாவது நான் ஏற்றி, நான் அணைப்பதாக இருக்கட்டும் என்று நினைத்தேன்."

"உரிமம் போய்விட்டால் எங்கே போவீர்கள்?"

"தெற்கே எங்காவது. திரும்ப இந்தக் கரைக்கு விடமாட்டார்கள். போ, போய்ச் சொல்லு. உன் வேலை அதுதானே."

கதவு சாத்திக்கொண்டது. "ஜன்னலை விட்டு உள்ளே தள்ளி வையுங்கள்! வண்டிக்குத் தெரியக்கூடாது!" என்று செண்பா மூடின கதவைப் பார்த்துக் கத்தினாள். பதில் வரவில்லை. பெயர்ப்பலகையில் அலாசுவா என்று இருந்தது.

திரும்பி நடக்கும்போது ஒரு நினைப்பு வந்தது அவளுக்கு. ஒளிப்பானேன், சொல்லிவிடுகிறேன். யார் இவள்? சொந்தமா, பந்தமா? மொழியா, ஊரா? இவளுக்காக நான் ஏன் வேலையைத் தொலைக்க வேண்டும்? நம்ம ஆளாக இருந்திருந்தால் வேறு விஷயம். இப்படி ஒரு பாலம் நீளத்துக்கு நினைத்துக்கொண்டே நடந்தாள். பாலத்து முடிவில் பெரிய திரை. அதில் அவள் எடுத்த வானம், கீழே அந்தப் பொன் வரிசை. அகல் விளக்கென்று நினைத்தபோது அவர்களுக்காகப் பொய் சொல்லத் தயாராகத்தானே இருந்தேன், அது கல் விளக்கு என்று தெரிந்ததும் மட்டும் சட்டம் நினைவு வருகிறதோ என்று அவளே அவளைக் கேட்டாள். வெட்கமாக இருந்தது.

வீட்டில் உட்கார்ந்து யோசித்தாள். கீறல், கோளாறு என்று சொன்னால் எடுபடாது. மூலப்படத்தைக் கேட்பார்கள், பரிசோதனைக்கூடம் ஒரு நிமிஷத்தில் சொல்லிவிடும். அந்தப் படம் நிஜமென்றால் அந்த விளக்கும் நிஜம். வானத்தை மட்டும் வைத்துக்கொண்டு விளக்கைப் பொய்யென்று சொல்ல வழியில்லை. இரண்டையும் சேர்த்துத்தான் பொய்யாக்க வேண்டும். இரண்டு வருஷத்தில் அவள் உருப்படியாகச் செய்த ஒரே காரியம் அது. அன்றைக்கும் அடுத்தடுத்த சாயங்காலங்களிலும் எடுத்த படங்கள் அத்தனையையும் திரும்ப ஒரு தடவை பார்த்தாள். பிறகு ஒவ்வொன்றாக அழித்தாள். கடைசிப் படத்தில் கை கொஞ்சம் நின்றது. அதையும் அழித்தாள்.

வெள்ளிக்கிழமை ஹால்வர்சன் முன்னால் உட்கார்ந்து, "படம் நிஜமில்லை சார். கம்ப்யூட்டரில் நானே செய்தேன்" என்றாள்.

அவர் நம்பாமல் பார்த்தார். "விளக்கா, வானமா?"

"இரண்டும்."

"வானம் சரி, ஆசைப்பட்டுச் செய்திருப்பாய். அந்த விளக்கை எதற்கு வரைந்தாய்?"

"எங்கள் ஊரில் இது விளக்கு ஏற்றுகிற மாசம். இங்கே எனக்கு யாரும் இல்லை. எதிர் ஜன்னலில் யாராவது ஏற்றியிருந்தால் நன்றாக இருக்குமே என்று தோன்றியது. நானே வரைந்துகொண்டேன்."

பொய் சொல்ல உட்கார்ந்தவள் வாயிலிருந்து முக்கால் உண்மை வந்துவிட்டது. குரல் உடைந்தது. அதை நடிப்பென்று யாராலும் சொல்ல முடியாது. ஹால்வர்சன் மேஜைமேல் இருந்த காகிதக் கைக்குட்டைப் பெட்டியை அவள் பக்கம் தள்ளினார். இதற்கு அவர் திட்டியிருக்கலாம்.

"பனி வண்டியின் கேமராவில் உறைபனி படிந்திருக்கும் என்று எழுதிக்கொள்கிறேன்" என்றார். "ஆனால் ஊரை ஏமாற்றியிருக்கிறாய், செண்பா. தாள அறையில் உன்னை வைத்திருக்க முடியாது. வசந்தத்தோடு ஒப்பந்தம் முடிகிறது, நீட்டிக்க மாட்டார்கள். இன்னொன்று. இந்தப் பரபரப்பில் மேலிடம் ஒரு முடிவு எடுத்திருக்கிறது. இடைவெளி எப்போது வருகிறது என்று வெளியே தெரிந்தால் விஷமம் செய்கிறவர்கள் வருவார்கள். திங்கட்கிழமையிலிருந்து தாளம் கணத்துக்குக் கணம் மாறும். வண்டிகளுக்கு மட்டும்தான் தெரியும்."

அதாவது இனி எந்த ஃபேனை வைத்துச் சுற்றினாலும் ஊர் அணையாது. ஊர் வந்தபின் அந்த வானத்தைப் பார்த்த முதல் ஆளும் கடைசி ஆளும் அவள்தான் என்று ஆயிற்று. செண்பா தலையாட்டிவிட்டு எழுந்து வந்தாள்.

பெரிய திரையிலிருந்து படம் போய்விட்டது. இரண்டே நாளில் நகரசபையே அழகாக ஒரு பச்சை வானத்தைக் கம்ப்யூட்டரில் செய்து போட்டது. ஜனங்களுக்கு அதுவும் பிடித்துத்தான் இருந்தது. உணவுக்கூடத்தில் கை கொடுத்தவர்கள் இப்போது தட்டை எடுத்துக்கொண்டு அடுத்த மேஜைக்குப் போனார்கள். தனிமையில் விளக்கு வரைந்த பைத்தியம் என்று பெயர். பைத்தியம் என்றாவது ஒரு பெயர் இருந்தது, முன்னே அதுவும் இல்லை.

உலகம்மையிடம் சொல்வதுதான் எல்லாவற்றையும்விடக் கஷ்டமாக இருந்தது.

"ஏட்டி, கடையில வாரவன்லாம் கேக்கான். உன் தங்கச்சி படம் பொய்யாம்லன்னு. அந்த விளக்க விடு. அந்தப் பச்சையுமா பொய்யி?"

போனில் உண்மையைச் சொல்ல முடியாது. எந்த வார்த்தை எங்கே போய்ச் சேரும் என்று தெரிந்துகொண்டுவிட்டாளே.

"ஆமாக்கா. பொய்தான்."

 உலகம்மை திட்டாமல், தணிந்த குரலில், "உடம்புக்கு ஒண்ணும் இல்லையேட்டி? பேசாம ஊருக்கு வந்துரு" என்றாள். கல்லாவுக்கு மேலே இருந்த படத்தைக் கழற்றிவிட்டாளா என்று கேட்கச் செண்பாவுக்குத் தைரியம் வரவில்லை.

தாளம் மாறின அந்த வாரம், ஒரு சாயங்காலம், கதவு மணி அடித்தது. அவள் வீட்டு மணி அடிக்கும் என்பதே செண்பாவுக்கு மறந்துபோயிருந்தது. திறந்தால் அலாசுவா. ஆரஞ்சுச் சட்டை, பின்னலில் பனி.

"பதினாலாம் கோபுரம், ஏழாம் மாடி என்று நீதான் எழுதியிருந்தாய்" என்றாள். உள்ளே வந்து, உட்காரச் சொல்லாமலே சமையல் மேஜை முன்னால் உட்கார்ந்தாள். மேஜைமேல் மீதிப் பொரி உருண்டை இருந்தது. ஒன்றை எடுத்துக் கடித்துப் பார்த்தாள். "இதை வைத்துக் கப்பலுக்கு நங்கூரம் போடலாம்" என்றாள். ஆனாலும் கீழே வைக்கவில்லை.

"யாரும் வந்து கேட்கவில்லை. விளக்கை உள்ளே தள்ளி வைத்துவிட்டேன்" என்றாள். பிறகு செண்பாவை நேராகப் பார்த்தாள். "நீ வரைந்தது என்று திரையில் போட்டார்கள். விளக்கும் பொய், வானமும் பொய் என்று. விளக்கு பொய்யில்லை. ஏற்றினவள் நான், எனக்குத் தெரியும். அதனால்தான் கேட்க வந்தேன். வானம்?"

செண்பா கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

"நிஜம்" என்றாள்.

"எங்கே? ஊருக்கு வெளியேயா?"

"இங்கேதான். உங்கள் கோபுரத்துக்கு மேலே. நான் பார்த்த ஒவ்வொரு சாயங்காலமும் இருந்தது."

அலாசுவாவின் கையிலிருந்த உருண்டை மேஜையில் உருண்டது. அவள் அதைக் கவனிக்கவில்லை.

"ஊர் வந்ததும் பறவை வழி மாறிப் போயிற்று. கரிபு மான் கூட்டம் வழி மாறிப் போயிற்று. அதுவும் போய்விட்டது என்று என் தம்பி சொன்னான். போடா முட்டாள், வானம் எங்கே போகும் என்று திட்டினேன். வருஷம் ஆக ஆக எனக்கும் அப்படித்தான் தோன்றிவிட்டது. எங்களை விட்டுப் போய்விட்டது என்று." அவள் கையை நீட்டினாள். "படத்தைக் காட்டு."

"இல்லை. எல்லாவற்றையும் அழித்துவிட்டேன்."

"ஏன்?"

"படம் இருந்தால் உங்கள் விளக்கும் அதில் இருக்கும்."

 அலாசுவா நன்றி சொல்லவில்லை. நாற்காலியை மேஜைக்குக் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"அப்படியானால் வாயால் சொல்லு. எப்படி இருந்தது?"

செண்பா ஆங்கிலத்தில் ஆரம்பித்தாள். பச்சை என்றாள். நகர்ந்தது என்றாள். பெரியதாக, மிகவும் பெரியதாக என்றாள். அதற்கு மேலே ஓடவில்லை. அவளிடம் இருந்த ஆங்கிலம் மின்கம்பத்துக்கும் சம்பளத்துக்கும் போதும், இதற்குப் போதவில்லை. கையை அசைத்துப் பார்த்தாள். கைக்கும் வரவில்லை. ஆத்திரமாக வந்தது.

"உன் பாஷையில் சொல்லு" என்றாள் அலாசுவா.

"உங்களுக்குப் புரியாதே."

"புரியாது. சொல்லு."

 செண்பா தமிழில் ஆரம்பித்தாள்.

"மொதல்ல ஒண்ணுமே இல்லங்க. கருகும்முனு கெடந்துச்சு. கெழக்க மட்டும் ஒரு கோடு, சாம்பப் பூத்தாப்புல. நான் மேகம்னுதான் நெனச்சேன். பாத்துக்கிட்டே இருக்கேன், அது பச்சையாவுது. சேலைய அலசிக் கொடியில போடுதப்போ ஒரு உதறு உதறுவோம்லா, அந்த உதறு அப்படியே வானத்துல ஒரு கோடியில இருந்து மறு கோடிக்குப் போவுது. சத்தமே இல்ல. அவ்வளவு பெரிசு அசையுது, ஒரு சத்தம் இல்லங்க. எனக்குப் பயமா இருந்துச்சு. ஆனா கண்ண எடுக்க மனசு வரல..."

அலாசுவாவுக்கு ஒரு வார்த்தை புரியவில்லை. அவள் முழங்கையை மேஜையில் ஊன்றி, செண்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். செண்பா "பயம்" என்ற இடத்தில் அவள் புருவம் சுருங்கியது. வானம் தலைக்கு மேலே வந்து விரிந்த இடத்தில் அவள் கண் தானாகக் கூரையைப் பார்த்தது. ஒரு இடத்தில் செண்பா மூச்சு வாங்க நிறுத்தினாள்.

அலாசுவா தன் பாஷையில் ஏதோ ஒரு சொல் கேட்டாள். செண்பாவுக்கு அது என்ன சொல்லென்று தெரியாது.

"அப்புறமா? சொல்லுதேன் கேளுங்க" என்று நாற்காலியை இன்னும் கொஞ்சம் முன்னால் இழுத்துக்கொண்டாள்.